பதினேழாவது ஆள்

தலைக்கு ஆயிரம் ஷில்லிங்.
வாசலில் நின்று வாங்குவது நான்.
தகரக் கூரை, சாக்குத் திரைச்சீலை,
சுவருக்கு அப்பால் இருமுகிற ஜெனரேட்டர்.
குலு நகரத்தில் மழை பிடித்துக்கொண்டால்
துப்பாக்கிச் சத்தம் காதில் விழாது.
ஓஜாரா வாயாலேயே சுடுவான்.

அவன்தான் எங்கள் வீடியோ கொட்டகையின் மொழிபெயர்ப்பாளன்.
படத்தில் பேசுவது எந்த நாட்டு மொழி என்று
அவனுக்கே தெரியாது.
மைக் கைக்கு வந்தால் போதும்,
நாயகன் அச்சோலியில் கொதிப்பான்,
வில்லன் அச்சோலியில் கெஞ்சுவான்,
கார்க் கண்ணாடிகூட
அச்சோலியில்தான் உடையும்.

நேற்றும் வழக்கம்போல்
மனைவியைக் கொன்றார்கள். மகளைக் கொன்றார்கள்.
அவள் பாதி குடித்த பால் தம்ளர்
மேசையிலேயே இருந்தது.
யாரும் கடலை உடைக்கவில்லை அப்போது.
பிறகு அவன் தரைப்பலகையைப் பெயர்த்து
எண்ணெய்த் துணியில் சுற்றிவைத்ததை எடுத்தான் பாருங்கள்,
விசிலில் கூரை ஆணி கழன்றுவிட்டது.
வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள்.
முன்வரிசைப் பொடியன்கள் எண்ணத் தொடங்கினார்கள்:
ஒன்று. இரண்டு. மூன்று.
பள்ளிக்கூடத்தில் ஒருநாளும்
இவ்வளவு பிசகாமல் எண்ணியதில்லை.

பதினேழாவது ஆள் மாடிப்படியில் உருண்டான்.
தொப்பி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.
அவித்த நிலக்கடலை விற்கும் லாம்வாக்கா
காசு கொடுத்து உள்ளே வந்தவள் இல்லை,
சாக்குக் கிழிசல் வழியே அரைப்படம் பார்ப்பவள்,
சத்தமாகவே கேட்டாள்:
"இவன் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது?"

சிரித்தார்கள். நானும்தான்.

ஓஜாரா சிரிக்கவில்லை.
மைக்கில் ஒரு மூச்சு கேட்டது.
பதினெட்டாவது ஆள் கதவோரம் தலையை நீட்டினான்.
"இவன் லபேஜா" என்றான் ஓஜாரா.
"தவணையில் சைக்கிள் எடுத்தவன்.
இன்னும் இரண்டு தவணை பாக்கி."
டுமீல்.
"இவன் கிடேகா. வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்.
பூட்ஸ் அண்ணனுடையது, ஓர் அளவு பெரிது."
படத்தில் அவன் உண்மையிலேயே தடுமாறித்தான் ஓடினான்.
அந்தப் பூட்ஸ் எல்லோர் கண்ணிலும் பட்டது.
டுமீல்.

இருபத்து மூன்றோடு எண்ணிக்கை நின்றது.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"கொல்லத்தான் காசு கொடுத்தோம்,
பேர் வைக்க இல்லை!"
வாழைப்பழத் தோல் ஒன்று பறந்து
திரையில் நாயகனின் தோளில் ஒட்டிக்கொண்டது.
அதோடே அவன் இன்னும் இருவரைச் சுட்டான்.

ஓபிரா எழுந்து வெளியே வந்தான்.
வெல்டிங் பட்டறைக்காரன். வாரம் நாலு படம்,
பழிவாங்குகிற படம் மட்டும்.
மழையில் என் முன்னால் கையை நீட்டினான்.
"மிச்சப் படத்துக்குக் காசைக் கொடு."

வாங்கியதைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்றேன்.

"என் தம்பியைக் கொன்றவன்
சந்தையில் தக்காளி விற்கிறான்.
என் மனைவிக்குத் தெரியாது,
அவனிடம்தான் வாங்குகிறாள்.
நல்ல தக்காளி.
அவன் பேர் எனக்குத் தெரியும்.
அவன் பிள்ளைகள் பேர் தெரியும்.
தெரியாத ஆட்கள் சாகட்டும் என்றுதானே
இங்கே வருகிறேன்?"

ஐந்நூறு கொடுத்தேன்.
எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டான்.

முதலாளி ஓஜாராவை இரவே திட்டித் தீர்த்தார்.
இன்று பேர் இல்லை, கதை இல்லை,
வெறும் டுமீல் மட்டும் என்று பேச்சு.
சரி என்றான். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதே படம், இரண்டாம் நாள்.
பெஞ்சில் இடமில்லை.
எங்கிருந்து கேள்விப்பட்டார்களோ,
பெண்கள்கூட நாலைந்து பேர்.
பொடியன் ஒருவன் டிக்கெட்டுக்கு முன்பே கேட்டான்,
"அந்தப் பதினேழாவது ஆள், அவன் பேர் என்ன?"
எனக்கெப்படித் தெரியும்.

படம் ஓடத் தொடங்கி வெகுநேரம் கழித்து ஓபிரா வந்தான்.
ஐந்நூறு ஷில்லிங்கை நீட்டினான்.
"பாதிதான் பார்த்தேன். பாதிக்குத்தான் இது.
அந்த இடம் வந்ததும் உள்ளே விடு."
அதுவரை லாம்வாக்கா பக்கத்தில் குந்தி
கடலை உடைத்தான்.
தோலை மடியிலேயே சேர்த்துவைத்தான்.

உள்ளே பொடியன்கள்:
பதினாலு.
பதினைந்து.