வலது காது

இடது காதில் அந்த விடிகாலை
இன்னும் விசிலடித்துக்கொண்டிருக்கிறது.
நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர்.
பேசுகிறவர்களை வலப்பக்கம் நிற்கச் சொல்கிறேன்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதுகிறவள் நான்.
அன்று முப்பத்தாறு பார் வெளியே போயிருந்தது.
முப்பத்தேழாவதை எழுதக் குனிந்தேன்.
நிமிர்ந்தபோது கையில் பேனா இருந்தது,
மேசை இல்லை.

ஏலக்கூடத்தில் கிடந்தவர்கள் மேல்
அந்த ஐஸைத்தான் அள்ளிக் கொட்டினோம்.
ரத்தம் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள்.
சங்கரா வாங்க வந்த தெய்வநாயகி.
டீ கேனோடு அய்யூப்.
கூடைக்கு இருபது ரூபாய் என்று சுமக்க வந்த
ஞானப்பூவின் மகன் யோவேல், பதினேழு வயது,
ஒரு காலில் மட்டும் செருப்போடு.

மூன்றாம் நாள் ஞாயிறு.
போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார்.
நல்ல பிரசங்கம்தான்.
ஞானப்பூ பாதியில் எழுந்து வெளியே போனாள்.
நானும் போனேன்.
கைப்பம்புக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்:
"பிள்ளைய இன்னும் ஆஸ்பத்திரியிலேர்ந்து குடுக்கல.
அதுக்குள்ள இவருக்கு என்ன அவசரம்?"

வாலிபர் கூட்டத்தில் வேறு பேச்சு.
யார் கடையில் இனி வாங்கக் கூடாது,
எந்தத் தெருவுக்குள் எத்தனை பேராய்ப் போவது.
அய்யூப்பும்தானே செத்தார் என்றான் ஒருவன்.
அவனை உட்காரச் சொன்னார்கள்.

அன்றிரவு வேதத்தைத் திறந்தேன்.
தோட்டத்தில் வாளை உருவியவன்
மீன்பிடிக்கிறவன். எங்கள் ஆள்.
தலைக்கு ஓங்கியது காதில் விழுந்திருக்கும்.
வலது காது என்று எழுதியிருக்கிறது.
ஆண்டவர் அதைத் தொட்டு ஆற்றினார்.
ஆற்றிய கையைத்தான் பிறகு கட்டினார்கள்.
அந்த வேலைக்காரன்
ஆறிய காதில் முதலில் என்ன கேட்டிருப்பான்?
கயிறு இறுகுவதையா?
அவன் மனம் மாறினான் என்று எங்கும் எழுதவில்லை.
விளக்கைத் தூக்கிக்கொண்டு
கூட்டத்தோடுதான் போயிருப்பான்.
அது என்னைத் தூங்கவிடவில்லை.

பேப்பரில் வந்த பெயரை
ஜெபத்தில் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது.
கணக்கு வாசிப்பதுபோல் வாசிப்பேன்:
தெய்வநாயகி, அய்யூப், யோவேல்,
ஒரு கோடு,
அதற்குக் கீழே அவன்.
முதல் நாள் வாய் கசந்தது.
இன்றும் கசக்கிறது.

மஞ்சக்குப்பம் கோர்ட். சாட்சி எண் பதினான்கு.
தராசுக்கு அடியில் பையை வைத்தவன் இவன்தான்.
சொன்னேன்.
விட்டுவிடுங்கள் என்று கேட்க நான் போகவில்லை.
அடைத்துத்தான் வைக்க வேண்டும்.
அடுத்த துறைமுகத்திலும் பிள்ளைகள் கூடை தூக்குகிறார்கள்.

"பை நீலம்தானே?" என்றார் அரசு வக்கீல்.
நீலம் என்று சொல்லும்படி
வராந்தாவில் ஏட்டய்யா இரண்டு முறை சொல்லியிருந்தார்.
கூண்டைப் பார்த்தேன். இளைத்திருந்தான்.
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
பிறனுக்கு எதிராய்ப் பொய் சொல்லாதே என்றால்
அந்தப் பிறனில் இவனும் வருவானா?
"சோடியம் விளக்கு வெளிச்சம் ஐயா.
நிறம் எனக்குத் தெரியவில்லை."
வக்கீல் பேனாவை மூடினார்.
பின் பெஞ்சில் யாரோ 'த்தூ' என்றார்கள்.

கொண்டுபோகும்போது என்னைக் கடந்தான்.
ஏதோ சொன்னான், இடப்பக்கமாக.
திட்டினானோ, வேறெதுவுமோ,
விசில் மட்டுமே கேட்டது.
உடம்பை முழுக்கத் திருப்பி
நல்ல காதை அவன் பக்கம் கொடுத்தேன்.
அதற்குள் வேன் கதவு.

பஸ் கெடிலத்தைக் கடக்கையில்
பக்கத்தில் ஞானப்பூவின் உதடு அசைந்தது.
என்ன என்றேன்.
எழுந்தாள். கம்பியைப் பிடித்து, என் முழங்காலைத் தாண்டி
வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"கேப்பர் மலை ஜெயிலுக்கு
எந்த பஸ் போகும்?"

அவள் முகத்தில் படிக்க எதுவும் கிடைக்கவில்லை.
டிக்கெட்டைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.
கண்டக்டரைக் கேட்கலாம் என்றேன்.