வலது, இடது, தானியங்கி

பகல் முழுக்க நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.
எல்பர்ஃபெல்டில், மருந்துக்கடைக்குப் பக்கத்துக்
கண்ணாடிக் கடையின் பின்னறையில்
நாடியைத் தாங்கியில் வைத்தவர்களிடம்
வில்லையை மாற்றி மாற்றி:
இது தெளிவா, இதுவா?
முதலாவதா, இரண்டாவதா?
சிலர் பொய் சொல்வார்கள், பரீட்சை என்று நினைத்து.

இரவு, சமையலறை மேசையில்
இரண்டு கமராக்கள்.
பழையதற்குப் பதினொரு வயது.
பிடியின் ரப்பர் உரிந்து பசை போட்டு ஒட்டியது.
முதல் சம்பளத்தில், கடையிலேயே மலிவானதாய்ப் பார்த்து வாங்கியது.
புதியதும் அதே வரிசையின் கடைசிப் படிதான்,
படிக்கட்டுதான் மேலே போய்விட்டது.
பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.
இன்று ஒன்பதாவது நாள்.

முதல் சோதனை, தொங்கு ரயில்.
ஓலிக்ஸ்ம்யூலே நிறுத்தத்துக்குக் கீழே, தூறலில்,
வுப்பர் ஆற்றின் மேல் அது வளைந்து வரும்போது
பழையது முன்னும் பின்னும் தேடும்,
சாவித் துவாரம் தேடும் வெறிக்குட்டி மாதிரி.
அது கண்டுபிடிப்பதற்குள் ரயில் போய்விடும்.
இப்படி நூறு வால்கள் என்னிடம் இருக்கின்றன.
புதியது சாரதியின் மீசை வரைக்கும் பிடித்தது.
இருட்டில் பழையது ரவை கொட்டும்,
புதியதில் மா, அரித்தெடுத்த மா.
வாதமே இல்லை. இரண்டாவது.
(அப்போ ஏன் யோசிக்கிறாய் என்றாள் ஊட்டே,
சட்டகங்களைத் துடைத்தபடி.)

பிறகு சுகிர்தனை ஜன்னலோரம் இருத்தினேன்.
முகத்தைக் கண்டதும்
சின்னப் பச்சைக் கட்டம் ஒன்று பறந்து போய்
கண்ணில் உட்கார்ந்தது.
இடது கண்ணில்.

அது ஊதிச் செய்த கண்.
சோலிங்கனில், கத்தி தீட்டும் சக்கரத்திலிருந்து
ஒரு துகள் தெறித்த வருடம் முதல்.
செய்தவர் இரண்டு மணி நேரம்
வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து
சிவப்பு நரம்புகூட இழுத்திருந்தார்.
என் முதலாளியே ஏமாந்திருக்கிறார்.
கமரா ஏமாந்ததில் எனக்கென்ன ஆத்திரம்?
ஆனால் பன்னிரண்டு படம், பன்னிரண்டிலும்
பார்க்காத கண் கூர்மை,
பார்க்கிற கண் புகை.

பழையதை எடுத்தேன்.
அதற்குக் கண் என்றால் என்னவென்று தெரியாது.
முகமும் ஒன்று, தேநீர்க் கோப்பையும் ஒன்று.
நடுவில் ஒரு புள்ளி, எங்கே வைக்கிறேனோ அங்கே.
வலது கண்ணில் வைத்தேன்.
தேடித் தேடி, நின்றது.
பழையது வென்றுவிட்டது என்று
ஐந்து நாள் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

நேற்றிரவு புதியதின் பட்டியலைத் துழாவினால்
ஐந்தாம் பக்கம், எட்டாம் வரி:
கண் தெரிவு. வலது, இடது, தானியங்கி.
அவ்வளவுதான். யாரோ யோசித்திருக்கிறார்கள்.
யாருடைய வலது, என்னுடையதா அவனுடையதா
என்று மட்டும் எழுதவில்லை.
நாளெல்லாம் மற்றவர்களின் வலதில் வேலை செய்கிற எனக்கே
முதல் படம் பிழைத்தது.
அடுத்ததில் கட்டம் மூக்கைத் தாண்டிக் குதித்தது.

இன்று அவன் மறுபடி ஜன்னலோரம்.
பழையதை, சோற்றுத் தட்டுக் கொண்டுபோவது போல
முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும், முதுகில் திரை மட்டும்தான்.
புதியதில் கண் வைத்துப் பார்க்க ஒரு குழி இருக்கிறது.
அதை முகத்தோடு ஒட்டி
இடது கண்ணை மூடினேன்.
சுகிர்தன் சிரித்தான்.
என்னப்பா?
ஒண்டுமில்லை. நீயும் இடதைத்தான் மூடுறாய்.

விரலை எடுக்க மறந்திருந்தேன்.
அந்தச் சிரிப்பு ஏழு படமாய் விழுந்தது.
குளிர்பெட்டிக் கதவில் பற்றுச்சீட்டு,
இன்னும் ஐந்து நாள்.
பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று
அருகருகே வைத்து அவனிடம் காட்டினேன்:
இது தெளிவா, இதுவா?
இரண்டும் ஒரே மாதிரித்தான் என்றான்.
பொய்.
பரீட்சை என்று நினைத்திருப்பான்.