பத்து ரூபாய் வில்லை

அனுப்புநர்:
மு. ஜொகரா நாச்சியா,
கணக்கர், ஐஸ் கம்பெனி, மண்டபம்.
செல்பேசி எண் கேட்ட இடத்தில் ஒரு கோடு.
வேண்டுமென்றே போட்ட கோடு.

பெறுநரை எழுத அரை நாள் ஆனது.
ராமநாதபுரத்தில் அவருக்கு நாற்காலி இருக்கிறது,
பலகை இருக்கிறது, பலகையில் பெயர் இல்லை.
பொதுத் தகவல் அலுவலர் என்று மட்டும் எழுதி
வில்லையை நாக்கில் நனைத்து ஒட்டினேன்.

ஐயா,
விசைப்படகுகள் கரை பிடிக்கும் விடியலில்
ஐஸ் உடைக்கும் மிஷினுக்கு எதிரே
ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கிறது.
கண்ணாடி கறுப்பு. ஏசி ஓடும் சத்தம்.
நின்ற ஐந்தாம் நிமிடம்
ஏலக்காரர் போன், நண்டு பிய்க்கும் முனியசெல்வி போன்,
என் போன், எல்லாவற்றிலும்
நாலு ஜி இரண்டு ஜி ஆகிறது.
வேன் போனதும் திரும்பி வருகிறது.
பதினோரு நாள் குறித்திருக்கிறேன்,
ஐஸ் கட்டி எண்ணும் அதே நோட்டில்.

தலைமன்னார் கோபுரமும் சில இரவுகளில்
எங்கள் போனுக்குள் நுழைகிறது.
அதன் மேல் புகார் இல்லை.
இலங்கைக்கு நல்வரவு என்று
பெயர் சொல்லிவிட்டு வருகிறது அது.

கேள்வி ஒன்று: வேனுக்குள் இருப்பது என்ன கருவி?
இரண்டு: யார் ஆணை, என்ன விலை?
மூன்று: கடல் அட்டை கடத்துகிறவனைத் தேடும்போது
சோறு உண்டாயா என்று மகனிடம் கேட்ட
முனியசெல்வியின் எண்ணும் அதில் விழுந்தால்
அதை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?
நான்கு: எங்கள் மடிவலையின் கண்ணியை
மீன்வளத் துறை ஸ்கேல் வைத்து அளக்கிறது,
குஞ்சு மீன் தப்ப வேண்டும் என்று.
உங்கள் வலைக்குக் கண்ணி
எத்தனை மில்லிமீட்டர்?

நான்காவதை அடித்துவிடச் சொன்னார் மச்சான்.
காக்காவின் பாஸ்போர்ட் விசாரணை வேறு வரப்போகிறது,
இப்போது எதற்கு இந்த வம்பு என்றார்.
அடிக்கவில்லை. கையெழுத்து மட்டும்
வழக்கத்தைவிடச் சிறியதாய் விழுந்தது.

பதில் தர முப்பது நாள் உண்டு.
ஆறாம் நாளே போன் அடித்தது.
"ஜொகராம்மாவா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?
கணக்குப் பாக்குற பிள்ளைக்கு
எதுக்கும்மா இதெல்லாம்?"
பின்னால் ஐஸ் பாளம் சரிந்து உடைந்தது.
"என்ன சத்தம்?" என்றார், அக்கறையாக.
இந்த நம்பர் உங்களுக்கு யார் தந்தது
என்று நான் கேட்டு முடிக்குமுன்
வைத்துவிட்டார்.
குரல் அவ்வளவு தெளிவு. வெளியே
வேன் நிற்கவில்லை, பார்த்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் ஒற்றைத் தாள்.
அவ்வாறான கருவி ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை.
அடுத்த வரி:
அது குறித்த விவரங்கள்
பாதுகாப்பு கருதி வெளியிட இயலாதவை.

பலமுறை வாசித்தேன்.
ஐஸ் இருப்பு இல்லை, இருக்கும் ஐஸைக் காட்ட முடியாது
என்று நான் ஒரு நாள் எழுதினால்
மறுநாள் முதலாளி வேறு கணக்கரைத் தேடுவார்.
நான்காம் கேள்விக்கு மட்டும்
பதிலும் இல்லை, மறுப்பும் இல்லை.
யாரோ அந்த இடத்தில்
பேனாவை நிறுத்தி யோசித்திருக்கிறார்.
மை ஒரு புள்ளியாய் ஊறியிருக்கிறது.

மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது.
இணைப்பு ஒன்று: விண்ணப்பத்தின் நகல்,
எண் கேட்ட இடத்தில் கோடு.
இணைப்பு இரண்டு: அந்தக் கோட்டுக்கு வந்த அழைப்பு,
தேதி, நேரம், நாற்பத்தோரு விநாடி.

தபால் ஆபீஸில் கச்சான் காற்று
ரசீதுகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.
கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்:
"மொபைல் நம்பர் போடுங்கம்மா,
போய்ச் சேந்ததும் மெசேஜ் வரும்."

வேண்டாங்க, என்றேன்.
தேவைப்படுறவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு.