ஊமை எழுத்து

கொழும்பிலிருந்து வந்த பெரியவர்
என் பதவியை என் வாயாலேயே சொல்லச் சொன்னார்.
"டெப்ட் ரிகவரி ஒஃபிசர், சேர்."
கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார்.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.
அடுத்த திங்கள் திரும்ப வருவாராம்.

மத்தியானம், காசு எண்ணும் மெஷின் ஓய்ந்த நேரம்,
காசாளர் டெல்மா ரொசைரோ
சோற்றுப் பார்சலை விரித்துக்கொண்டே சொன்னாள்:
"பி ஊமை. எழுதணும், சொல்லக்கூடா."
எங்கட தமிழில ஊமை எழுத்து இல்ல,
எழுதினதையெல்லாம் சொல்லியாகணும் என்றேன்.
"அதுதான் கடன் பத்திரத்தைத் தமிழில அடிக்கிறதில்ல" என்று
மீன் முள்ளை எடுத்து ஓரமாய் வைத்தாள்.

டெட் என்றேன்.
"அது செத்தது."
டெட்.
"மறுகாவும் சாகடிக்கிறாய்."

கடன் என்றால்
நாக்கு மேலே தட்டினதும் சட்டென்று அறுக்க வேண்டுமாம்.
சாவு என்றால் கொஞ்சம் இழுத்து,
தொண்டையில் அதிர்வை நிறுத்தி,
மெதுவாய் விட வேண்டுமாம்.
தன் கழுத்தில் விரல் வைத்துக் காட்டினாள்.
எனக்கு எல்லாம் தலைகீழாய்ப் பட்டது.
நான் வசூலுக்குப் போகிற ஊர்களில்
இழுபடுவது கடன்.
சட்டென்று அறுவது மற்றது.

ஏழு நாள் பழகினேன்.
கல்லடிப் பாலத்தில், ஆரையம்பதிச் சந்தியில்,
ஹெல்மட்டுக்குள் சொன்னால் சொன்ன சொல்
வெளியே போக வழியில்லாமல்
என் காதுக்கே திரும்பி வந்தது.
குருக்கள்மடத்துத் துறையில் பாதைக்குக் காத்து நின்றபோதும் விடவில்லை.
(எங்கள் பக்கம் பாதை என்றால் வாவியில் மிதப்பது.)
எழுவான்கரையில் ஏறும்போது சரியாக வந்த சொல்
படுவான்கரையில் இறங்கும்போது செத்திருந்தது.
டெட், டெட் என்று முணுமுணுத்த என்னையும்
என் பைக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
"ஸ்டாட் ஆகுதில்லியா தம்பி?" என்றான் பாதைக்காரன்.

எட்டாம் நாள், ஞாயிறு, சொல் படிந்துவிட்டது.
அம்பிளாந்துறை தாண்டி
குகமதி வீட்டுக்குப் போகும் கிரவல் ஒழுங்கையில்
நாலு தரம் சொன்னேன். நாலும் சரி.

குகமதி. குழு இலக்கம் பதினாலு.
தையல் மெஷினுக்கு எடுத்த கடன்.
மெஷினை விற்றுக் கட்டின பிறகும் மீதி இருக்கிற கடன்.
பன்னிரண்டு இடத்தில் கையெழுத்து வைத்தவள்.
விரல் வைத்துக் காட்டியவன் நான்தான்:
இதில, இதில, இந்த மூலையில.
நடுவே இங்கிலீசில் பொடி எழுத்தாய் ஒரு வரி.
எழுதியிருந்தது.
சொல்லவில்லை.

"அம்மா இல்ல" என்றாள் படலையடியில் நின்ற மகள்.
அறநெறி வகுப்புக்குப் போட்ட வெள்ளைச் சட்டை இன்னும் கழற்றவில்லை.
"எங்க?"
"வயலுக்கு."
அறுவடை முடிந்து ஒரு மாதம்.
குசினிக் கிடுகுக்கு மேலால் புகை வந்துகொண்டிருந்தது.
நான் புகையைப் பார்த்ததை
அவள் பார்த்தாள்.

சட்டென்று கிட்ட வந்து
என் கழுத்தில் தொங்கிய அட்டையை இழுத்துப் பிடித்து
வாசிக்கத் தொடங்கினாள்,
அடுப்படிவரை கேட்கிற சத்தத்தில்:
"டெ... ப்... ட்!"
உதடு இரண்டும் ஒட்டி
அந்த ஊமை எழுத்தின் மேல் ஏறி நின்று
வெடித்துத் திறந்தன.

"சரியா?"

ஏழு நாள் பழகிய நாக்கு வாய்க்குள் துடித்தது.
நாளைக்குப் பெரியவர் முன்னால்
கத்தியால் வெட்டினது போல் வந்து விழப்போகிற சொல்.

"சரி" என்றேன்.
"இன்னொருக்காச் சொல்லு, பாப்பம்."

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.
உள்ளே யாரோ ஒரு சட்டியை
சத்தமில்லாமல் மூடப் பார்த்து, முடியாமல்,
மூடி ஒருதரம் கிணுங்கியது.

அறிக்கைத் தாளைப் பெற்றோல் டாங்கியின் மேல் வைத்து
வீட்டில் ஆளில்லை
என்று எழுதினேன்.
எழுதினதைச் சொல்லிப் பார்க்கவில்லை.