பச்சை நிறத்தில் ஒரு பூஜ்யம்

மல்யுத்த அணியில் சேர
மருத்துவர் கையெழுத்து வேண்டும்.
அதற்காக மட்டும்தான் வந்திருந்தான் கார்வின் டிரெகியர்.
வயது பதிமூன்று. எடை நாற்பத்தாறு கிலோ.
பூட்ஸில் இன்னும் உருகாத மொன்டானாப் பனி.

அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன்.
எல்லா அம்மாக்களிடமும் சொல்வதுதான்.
சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு
கொஞ்சம் தாமதமாக எழுந்தாள்.

"நீ சொல்வது இந்த அறையைத் தாண்டாது,
உயிருக்கு ஆபத்து என்றால் தவிர."
நாளைக்குப் பத்துமுறை சொல்லி
வழவழத்துப்போன வாக்கியம்.

டேப்லெட்டைக் கொடுத்தேன்.
பீர்? இல்லை.
கஞ்சா? இல்லை.
வேப்? சிரித்தான்.
"வகுப்பில் பாதிப்பேர் இழுக்கிறார்கள்.
எனக்கு மூச்சு வேண்டும்."

அடுத்த கேள்வியில் விரல் நின்றது.
போதையில் இருந்த ஒருவர் ஓட்டிய காரில்
(அந்த ஒருவர் நீயாகவும் இருக்கலாம்)
எப்போதாவது போயிருக்கிறாயா?

பத்திரத்தில் ஓட்டை தேடும் வக்கீல்போல
இரண்டு முறை படித்தான்.
"குடித்தவர் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால்?
ஓட்டியவன் குடிக்காமல் இருந்தால்?"

யார் ஓட்டியது?

"நான்தான். போன குளிர்காலத்திலிருந்து.
சீட்டை முன்னே இழுத்தால் கால் எட்டும்.
நெடுஞ்சாலையில் போலீஸ் நிற்கும்,
அதனால் மூடிய சுரங்கத்துக்குப் பின்னால் சுற்றிப் போவேன்.
பாலத்தில் மட்டும் வழுக்கும்."

சொல்லிவிட்டு, 'இல்லை' என்பதைத் தொட்டான்.
கேட்ட கேள்விக்கு அது நேர்மையான பதில்.

திரையில் பூஜ்யம். பச்சை.
கீழே எனக்கொரு குறிப்பு:
ஆபத்து குறைவு. பாராட்டி ஊக்கப்படுத்தவும்.

ஸ்டெதஸ்கோப்பை மறுபடி அவன் மார்பில் வைத்தேன்.
கேட்க வேண்டியது அங்கே இல்லை என்று தெரியும்.
எனக்கு அரை நிமிடம் வேண்டியிருந்தது.
அவனோ நல்ல நோயாளி,
சொல்லாமலே மூச்சை இழுத்து இழுத்து விட்டான்.

"அம்மாவிடம் சொல்வீர்களா?"

வழவழத்த வாக்கியத்தின் கடைசிச் சொல்,
அந்தத் 'தவிர',
முதன்முறையாக நாக்கில் முள்ளாகக் குத்தியது.

முட்டி சரி. தோள் சரி. முதுகெலும்பு நேர்.
விளையாடத் தகுதி என்று கையெழுத்திட்டேன்.
ஜன்னலில் ஐந்து மணிக்கே இருட்டு.
கதவுக்கு அப்பால் சாவிகள் குலுங்கின.

"இன்று யார் ஓட்டப்போவது?"

"தெரியாது" என்றான்,
படிவத்தை நாலாக மடித்தபடி.
"அம்மா எழுந்ததை
நீங்கள்தானே பார்த்தீர்கள்."

அடுத்தவரைக் காத்திருக்கச் சொன்னேன்.
மூலையிலிருந்த நாற்காலியை இழுத்து
அவன் பக்கத்தில் போட்டுவிட்டு
கதவைத் திறந்தேன்.