சதுர அடிக்கு எட்டு ரூபாய்

அபிஷேகப்பட்டிக்குப் போகிற பேருந்தில்
பேட்டை தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும்.
மடியில் கைப்பிடி அறுந்த பெரிய கோப்பு.
அதற்குள் ஒன்பது சாம்பல் நிறங்கள்.
வெள்ளையிலிருந்து கறுப்புக்கு
ஒன்பதே படியில் இறங்கிவரச் சொல்லியிருந்தார் ரெஜினா மேடம்.
நான் ஆறாவது படியில் வழுக்கியிருந்தேன்.

எங்கள் துறையில் பன்னிரண்டு கணினி.
ஐந்து திறக்கும். அதில் இரண்டுக்குத் தமிழ் தெரியும்.
மற்ற மூன்றில் ‘ழ’ இருக்கவேண்டிய இடத்தில்
சின்னச் சதுரம் ஒன்று உட்கார்ந்திருக்கும்.
மின்சாரம் போவது மயிலுக்குத்தான் முதலில் தெரியும்,
உடைமரத்துப் பக்கமிருந்து ஒன்று கத்தும்.
பிறகு யுபிஎஸ் கத்தும்.
பிறகு, சேமிக்காமல் விட்ட மஹ்மூதா.

“காலி இடம்னா ஒண்ணுமில்லாத இடம் இல்ல”
என்றார் மேடம். பலகையில் ஒரு வட்டம் போட்டு
அதை மூலைக்குத் தள்ளினார்.
மீதியெல்லாம் பலகை.
“இப்பப் பாருங்க, வட்டம் மூச்சு விடுது.”
எழுதிக்கொண்டேன். நம்பவும் செய்தேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வண்ணார்பேட்டை.
சங்கிலிபூதத்தான் அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் கடையில்
எந்த வட்டமும் மூச்சு விட முடியாது.
பூப்புனித நீராட்டு விழாவுக்கு நாற்பத்தாறு முகம்.
தாய்மாமனுக்குக் கூலிங் கிளாஸ்,
இரண்டாவது தாய்மாமனுக்கு அதைவிடப் பெரிய கூலிங் கிளாஸ்.
விழா நாயகி
சிங்கத்தின் வாலுக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவில்.
ஒருநாள் ஓரமாக நாலு விரற்கடை விட்டுப்பார்த்தேன்.
“ஏட்டி, சதுர அடிக்கு எட்டு ரூவா குடுக்கான்.
அந்த நாலு விரலுக்கும் சேத்துத்தான் குடுக்கான்”
என்றார் அண்ணாச்சி.
அங்கே ஒரு ராக்கெட் வந்தது.

மாசியில் கங்கைகொண்டானிலிருந்து ஒருவர் வந்தார்.
பெயர் கொம்பையா.
பாலிதீன் உறைக்குள் பாஸ்போர்ட் அளவில் அவர் தம்பி.
ஆறுக்கு நாலு. கண்ணீர் அஞ்சலி.
“கீழ யார் யார் பேரு போடணும்?”
“எம் பேரு மட்டும் போடு தாயி.”
“ஊர்ப் பொதுமக்கள்னு ஒரு வரி…”
“வேண்டாம். அவிய வரல.”

பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கட்டங்கட்டமாக உடைந்தது.
அதனால் சின்னதாகவே வைத்தேன், இடது கீழ்மூலையில்.
பெயர். இரண்டு தேதி. அண்ணன் பெயர்.
மிச்சம் இருபது சதுர அடி வெள்ளை.
அண்ணாச்சி எட்டிப்பார்த்தார்:
“என்னட்டி, மாவு ஊத்தாத தோசக்கல்லு கணக்கா?”
கொம்பையா ரொம்ப நேரம் பார்த்தார்.
“நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு,
“மேல ஒரு ரோசாப்பூ வையேன்.”

வைத்தேன்.
கடையில் இருக்கிற ஒரே ரோசாப்பூ.
பனித்துளியோடு இருக்கும்.
கல்யாணம், காதுகுத்து, வார்டு தேர்தல்
எல்லாவற்றுக்கும் அதேதான்.

செமஸ்டர் கடைசியில் வெளியூர்த் தேர்வாளர் வந்தார்.
என் சுவரில் ஆறு தாள். நடுவில் அது,
ரோசாப்பூ இல்லாமல்.
அடுக்குப் பட்டியலில் பூவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணை
முந்தின நாள் கடையிலேயே
ஒரு சொடுக்கில் மூடியிருந்தேன்.
“நல்ல துணிச்சல்” என்றார், “இந்த மௌனம்.”
நூற்றுக்கு எண்பத்தெட்டு.
மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
நான் ஜன்னலுக்கு வெளியே மயில் நிற்கிறதா என்று பார்த்தேன்.

ஆனியில் கொம்பையா திரும்ப வந்தார்.
நாலு மாசமாக அவர் வீட்டு முன்சுவரில் நின்றிருக்கிறது.
வெயிலில் சிவப்புதான் முதலில் வெளுக்கும்.
பாடத்தில் இது இல்லை,
நாற்கரச் சாலையில் பாலத்துக்குப் பாலம் இருக்கிறது.
“தம்பி இருக்கான். பேரு இருக்கு.
பூவு மட்டும் போயிட்டு தாயி.
புதுசா ஒண்ணு அடிச்சுத் தா.”

கோப்பைத் திறந்தேன்.
கண்ணை மூடியபடியே சேமித்திருக்கிறேன்.
வெள்ளை. மூலையில் ஒரு முகம்.
அவர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து
திரையெல்லாம் தேடினார்.
“எங்க, இதுலயும் காணும்?”

“இருக்கு” என்றேன்.