நாலு தசம் ரெண்டு

மாங்குளம் சந்தியில் பிளேன்ரீ குடிக்கையில்தான்
முதலில் கேட்டது.
ரோல்ஸ் பெட்டியில் சாய்த்து வைத்த போனுக்குள்
ஓர்கன், பொங்கோ,
தண்ணிக்குள் விழுந்தெழும்பிய மாதிரி ஒரு கிற்றார்,
ஒரே பெண் இரண்டு குரலில்.

எழுபத்திரண்டாக இருக்கும்.
மிஞ்சினால் எழுபத்திமூன்று.
அகலக்கால் காற்சட்டை போட்ட நாலு பேர்
பின்னால் நின்று கைதட்டுகிறார்கள்,
பாடியவள் செத்திருப்பாள், இல்லாவிட்டால்
கனடாவில் பேரப்பிள்ளை பார்க்கிறாள்
என்று நானே முடிவு கட்டிச்
சீனியைக் கலக்கினேன்.

அப்போது அவள்
“நாலு வீதம் சார்ச்சிருக்கு
நாலே சொல்லுச் சொல்லு ராசா”
என்றாள்.

கரண்டி நின்றது.
எழுபத்திரண்டில் ஆருடைய போனில்
நாலு வீதம்?

கடைப் பெடியன் திருப்பிக் காட்டினான்.
வவுனிக்குளம் வனஜா.
மாம்பழ நிறத்தில் ஒரு சூரியன்,
அதன்மேல் ஊதின கொண்டை. முகம் இல்லை.
“ஆர் தம்பி இது?”
“தெரியாதண்ணை. இஞ்சாலைப் பக்கம் எண்டு கதை.
ஏழு பாட்டுக் கிடக்கு.”

ஏழையும் பவுசரில் ஏற்றிக்கொண்டேன்.
மூவாயிரம் லீற்றர் பாலும் நானும் வனஜாவும்
ஒரு கிழமை வவுனியாவுக்குப் போய்வந்தோம்.
பள்ளத்தில் விழும்போதெல்லாம்
பொங்கோ எது சில்லு எது என்று தெரியவில்லை.

ஐந்தாவது பாட்டில் தாளம் கிடையாது.
வன்னிவிளாங்குளத்துத் திருப்பத்தில்
மாடுகள் தார்வீதியில் படுத்துக் கிடக்க
எஞ்சினை நிறுத்தினேன்.
ஓர்கன் மூச்சு வாங்கும் இடத்தில்,
பாட்டுக்கும் அடியில், ஒரு இரைச்சல்.
ம்ம்ம்ம்ம்.
பதினாறு எண்ணினால், டக்.
ம்ம்ம்ம்ம். டக்.

கடவுளே, அந்த டக்கை எனக்குத் தெரியும்.
துணுக்காய் பால் நிலையத்துக் குளிர்த்தாங்கி,
இடது காலில் ஆடுகிற போல்ற்.
இரண்டு தரம் முறைப்பாடு எழுதினவனே நான்தான்.

அங்கே எழில்வதனி. றப்பர் சப்பாத்து, தலையில் வலை.
நாலு வருசமாக என்னோடு
இலக்கத்தில் மட்டும் கதைப்பவள்.
கொழுப்பு இவ்வளவு, குளிர் இவ்வளவு,
லீற்றர் இவ்வளவு, இதில கையெழுத்து.
அவள் பிறந்த வருசம் இந்தப் பக்கம் கரண்ட் இல்லை;
சைக்கிளைக் கவிழ்த்து மிதித்தால்தான்
ரேடியோ பேசும்.
அவளுக்கு ஒரு குரல் இருக்கலாமென்று
நான் நினைத்ததே இல்லை,
பற்றுச்சீட்டுக்குக் குரல் இருக்குமென்று
ஆர் நினைப்பார்?

திங்கள் விடியப் போனேன்.
குழாயைக் கொழுவிக்கொண்டே கேட்டேன்,
“அந்த எதிரொலியை எங்கை எடுத்தனீர்?”
மறுப்பாள் என்றிருந்தேன்.
நாப்பது லீற்றர்க் கானொன்றைக் காலால் தட்டினாள்.
“வெறுங்கான். கழுவிக் காயவைச்சிட்டு
தலையை உள்ளுக்கு விட்டுப் பாடினால் வரும்.
கொஞ்சம் பால் மணக்கும், அவ்வளவுதான்.”

“பழைய பாட்டு நிறையக் கேட்டிருப்பீர்.”
“மூண்டு நாலுதான். அதுவும் இரைஞ்சுகொண்டு.
மிச்சம், இப்பிடித்தான் இருந்திருக்குமெண்டு
நானாப் போட்டது. பிழையோ?”

எழுபத்திநாலில் பிறந்தவன் நான்.
எனக்கென்ன தெரியும்.
“சரியாத்தான் கிடக்கு” என்றேன்,
அந்தக் காலத்துக்கே பொறுப்பாளி மாதிரி.

பிறகு சொல்லத்தானே வேண்டும்:
“வியாழன் மெக்கானிக் வாறான். போல்ற் இறுக்க.”

தாங்கியைத் திரும்பிப் பார்த்தாள்,
சம்பளம் கேளாத வாத்தியக்காரனைப் பார்ப்பதுபோல.
விரல் மடித்தாள்.
“அப்ப இன்னும் மூண்டு இரவு கிடக்கு.”

கொப்பியை என் பக்கம் திருப்பினாள்.
“கொழுப்பு நாலு தசம் ரெண்டு.
இதில கையெழுத்து.”

பேனையைப் பிடித்தபடி
எண்ணிக்கொண்டு நின்றேன்,
பதின்மூன்று, பதினாலு,
பதினைந்து